ஆறாம் பாகத்துத் தங்கச்சி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவு கௌரவமானதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தியேட்டர் இடைவேளையில், கழிப்பறை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இருவர் அடித்துக்கொள்ளாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பாகத்துலயாவது தங்கச்சியக் கண்ணுல காட்டுவானா?"

"காட்டலேன்னா ஸ்கிரீனக் கிழிச்சிருவேன்."

"போன பாகத்துலயும் இதையேதான் சொன்ன."

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ‘உறங்காத முஷ்டி’ ஐந்தாம் பாகம். தமிழ் பேசும் வெளிநாட்டுச் சண்டைப்படம். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அசல் படங்கள் ஐந்தையும் தேடிப்பிடித்து, கீழே ஓடும் எழுத்துகளோடு பார்த்தேன். தங்கச்சி இல்லை. ஐந்து பாகத்திலும், மருந்துக்குக்கூட, ஒரு தங்கச்சி இல்லை.

அப்படியானால் அவளைப் பெற்றது யார்? (இனி வருவதெல்லாம் என் கற்பனை. அவரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எழுதத் தைரியம் வந்திருக்காது.)

2

நான் வாரப் பத்திரிகை படித்து வளர்ந்தவன். வாரப் பத்திரிகையில் எழுதியே பிழைப்பவன். முதல் வரியில் யாராவது சாகவில்லையென்றால் எனக்குக் கை ஓடாது. ஆகவே:

"தண்ணீர்த் தொட்டியிலிருந்து விழுந்தவனுக்குச் சாக இன்னும் நான்கு விநாடி இருந்தது."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுந்தவன் சினிமா வில்லன். அவன் செத்தால் உங்களுக்கென்ன, எனக்கென்ன? அடித்துவிட்டேன்.

"வசனகர்த்தா அன்று காலை கண்விழித்தபோது, தான் ஒரு பொய்யன் என்பதை—"

காலையில் எழுந்ததும் எவனும் இப்படி யோசிப்பதில்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்றுதான் யோசிப்பான். இதுவும் போயிற்று.

சரி, நேராக ஆளைக் காட்டிவிடுகிறேன். வெளிநாட்டுச் சண்டைப்படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர். ஐம்பது வயது. வாழ்நாளில் கொசுவைத் தவிர யாரையும் அடித்ததில்லை. டப்பிங் அறையில் அவர் முன்னால் ஒரு தாள் இருக்கும். இடது பக்கம் அசல் வசனத்தின் பொருள். வலது பக்கம் காலி. அதில் இவர் தமிழ் எழுத வேண்டும். திரையில் இருப்பவன் வாய் திறக்கும்போது தமிழும் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். பொருள் பொருந்தாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். உதடு பொருந்தாவிட்டால் தியேட்டரே சிரிக்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன் இரண்டாம் பாகம் வந்தது. கதாநாயகன் வில்லனைத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து உதைக்கிறான். கீழே கிடக்கும் வில்லன் வானத்தைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் சாகிறான். கதாநாயகனும் வானத்தைப் பார்க்கிறான், கண்ணில் தண்ணீர். இடது பக்கம் இப்படி இருந்தது: "பனி பெய்கிறது. இவ்வளவு சீக்கிரமாகவே."

வசனகர்த்தா தாளை வெறித்தார். படம் முழுக்க நாற்பது பேரைத் தீர்த்துக்கட்டியவன், சாகும்போது வானிலை அறிக்கை வாசிக்கிறான்! முன்வரிசைக்காரன் ஒத்துக்கொள்வானா? நாற்காலி பறக்காதா? பென்சிலைக் கடித்தார். நான்கு விநாடி. எழுதினார்: "உனக்கொரு தங்கச்சி இருக்கா... உயிரோட!"

உதடு அச்சாகப் பொருந்தியது. வினையே அதுதான். பொருந்தாமல் போயிருந்தால் வேறு எதையாவது எழுதித் தொலைத்திருப்பார்.

3

இங்கே ஒரு குட்டிக் கட்டுரை. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

தொடர்ச்சிப் படத்துக்குப் போகிற ரசிகன் புதுசு கேட்கிறான் என்று படம் எடுப்பவர்கள் நினைக்கிறார்கள். பாவம். அவன் கேட்பது அதே பழசு, கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு. அதே கிடங்கு, அதே காலி அட்டைப்பெட்டிகள். இருபது அடியாட்கள் சுற்றி வளைப்பார்கள். ஆனால் டோக்கன் வாங்கியவர்கள் மாதிரி ஒவ்வொருவராகத்தான் வருவார்கள். மூன்றாம் பாகத்தில் இயக்குநருக்கு ஞானம் பிறந்து, கதாநாயகன் ஒரு சண்டையைப் பேசியே தீர்த்துவைத்தான். "இவனுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று பால்கனியில் உண்மையான கவலையோடு கேட்டார்கள். அந்தப் பாகத்தின் பெயர் ‘கடைசி அடி’. நான்காவது, ‘கடைசி அடிக்கு அப்புறம்’. ஆறாவது, ‘கடைசிக்கும் கடைசி’. பெயரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, டிக்கெட்தான் எடுத்தார்கள்.

ஆனால் ரசிகனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அடி பார்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் அவன் பொறுக்கி. தங்கச்சி கிடைத்தாளா என்று பார்க்கப் போகிறேன் என்றால் அவன் குடும்பஸ்தன். வசனகர்த்தா தன்னை அறியாமலேயே அவனுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டார். இனி எடுக்க முடியுமா?

எடுக்கவில்லை. வளர்த்தார். மூன்றாம் பாகத்தில் கதாநாயகன் வீட்டுச் சொந்தக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று போனில் கத்துவான். தமிழில் அது அநாதை விடுதிக்கு அடித்த போன். நான்காம் பாகத்தில் அவன் கண்கலங்கிப் படிக்கும் கடிதம்* தங்கச்சியுடையது. ஐந்தாம் பாகத்தில் ஒரு ரயில் கடக்கும். ஜன்னலில் எவளோ ஒருத்தி. "அண்ணா!" என்று வெளியிலிருந்து ஒரு குரலைச் சேர்த்தார். பெண்கள் பகுதியில் விசும்பல் சத்தம்.

* அசலில் வருமான வரி நோட்டீஸ். கண்கலங்கல் அசலானது.

4

இப்போது மனைவி. முதலில் இவளைக் கையில் கரண்டியோடு நிற்கும் துணுக்கு மனைவியாக எழுதினேன். இரண்டு பக்கம் போனதும் எனக்கே அலுத்துவிட்டது. கிழித்துப்போட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தால், கதையே அவளிடம்தான் இருக்கிறது.

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் அழைக்கிறவள். "நாற்பத்திரெண்டு, மூணாம் நம்பர் ரூம்" என்று மைக்கில் கணீரென்று சொல்வாள். சொட்டு மருந்து போட்டுக் கண்மூடி இருப்பவர்கள்கூட எழுந்து சரியான அறைக்குப் போவார்கள். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாதவள். இரண்டாம் பாகத்தை முதல் காட்சி பார்த்தபோது, அந்த வசனத்தில் கணவரின் கையை இறுக்கிப் பிடித்தவள், படம் முடிந்த பிறகும் விடவில்லை. வெளியே வந்ததும் கேட்டாள்.

"என்னங்க, அந்த வில்லன் நிஜமாவே அப்படித்தான் சொன்னானா?"

"நான் என்ன, இருக்கறதத்தானே எழுதுறேன்" என்றார் வசனகர்த்தா.

அவ்வளவுதான் பொய். ஒரே வாக்கியம். அதன் பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் அவள் லீவு போட்டாள். ஒவ்வொரு பாகத்திலும் அவள் பிடியில் அவர் கை இறுகியது. உலகத்தில் எத்தனை பேர் அந்தத் தங்கச்சியை நம்பினாலும் அவருக்குக் கவலையில்லை. இந்த ஒருத்திக்குத் தெரிந்துவிடக் கூடாது.

5

ஆறாம் பாகம் வந்தது. இதோடு முடிகிறது என்று படம் எடுத்த நாட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்.

வசனகர்த்தா தனியாக உட்கார்ந்து பார்த்தார். படத்தில் பெண் என்று இருந்தது ஒருத்திதான். மூக்கிலிருந்து தாடை வரை முகமூடி போட்ட வாள்காரி; வில்லனின் வலது கை. உச்சக்கட்டத்தில் கதாநாயகன் அவளை மொட்டைமாடியிலிருந்து உதைத்துத் தள்ளுகிறான். அவள் கீழே கிடந்து ஏழு விநாடி பேசிவிட்டுச் சாகிறாள். இடது பக்கம்: "உனக்கு வேகம் குறைந்துவிட்டது."

விநியோகஸ்தர் போன் செய்தார். "என்ன சார், தங்கச்சி வந்துட்டாளா?"

"ஒரே ஒரு பொண்ணுதான் இருக்கு. அதையும் இவன் ஒதச்சுக் கொன்னுடுறான்."

"பிரமாதம்! தெரியாமக் கொன்னுட்டான். இதவிட என்ன வேணும்? ‘அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர்’னு போஸ்டர் அடிச்சாச்சு. அப்புறம் இன்னொண்ணு. நம்ம பொம்பள குரலுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். நேத்து கண்ணு காட்டப் போயிருந்தேன். உங்க வீட்டம்மா மைக்ல என்னமா கூப்பிடுறாங்க! அவங்களையே நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."

(தற்செயல்தான். ஒத்துக்கொள்கிறேன். வாரப் பத்திரிகைக்காரனுக்குக் கதைக்கு ஒன்று அனுமதி உண்டு. இதோடு தீர்ந்தது.)

வசனகர்த்தா வலது பக்கத்தில் எழுதினார்: "அண்ணா... நான்தான்... உன் தங்கச்சி." தன் கையெழுத்தே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்கு ஏழு விநாடி. அதுவும் சாகிற ஏழு விநாடி.

6

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மனைவி அரைநாள் லீவில் டப்பிங் அறைக்கு வந்தாள். நல்ல புடவை. கதாநாயகனுக்குக் குரல் கொடுக்கிறவர் வரவேற்றார். அவரை எல்லோரும் ‘தொண்டை’ என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் சிங்கம், நேரில் இருமல் மிட்டாய் சப்பும் ஒல்லி மனிதர்.

"வாங்க அண்ணி. பயப்படாதீங்க, ஏழே செகண்டு."

"எனக்கென்னண்ணே பயம்? ஒரு நாளைக்கு முந்நூறு பேரக் கூப்பிடுறேன்."

அவள் தாளைக் கையில் எடுத்தாள். தொடர்ச்சிப் படங்களில் பழைய பாகத்தின் காட்சி ஒன்று நினைவுகூரலாக வந்தே தீரும். இதிலும் வந்தது. தாளின் முதல் வரியே, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கிடக்கும் வில்லன்.

"என்னங்க, இந்த எடது பக்கம் என்ன?"

"அது... சும்மா ஒரு குறிப்பு. அசல் வசனம்."

"அசல்னா, அவங்க நெஜமாப் பேசுறதா?"

"ம்."

"இதுல பனி பெய்யுதுன்னுல்ல போட்டிருக்கு."

தொண்டை மிட்டாயை மறுபக்கம் மாற்றினார்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

"நான் வலது பக்கம் மட்டுந்தான் படிப்பேன் அண்ணி."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒரு முறை. பிறகு மெதுவாக இன்னொரு முறை. "தங்கச்சி எங்கங்க?"

"வலது பக்கத்துல மட்டுந்தான் இருக்கா" என்றார் வசனகர்த்தா.

"ஒம்பது வருஷம்! லீவு போட்டு வந்து அழுதிருக்கேன். ஆபரேஷனுக்குப் பயந்த ஒரு அம்மாகிட்ட, ‘நல்லபடியா முடியும், அவ கெடைக்கிறதப் பாக்க வேணாமா’ன்னு சொல்லி உள்ள அனுப்பியிருக்கேன்."

"ஒதடு பொருந்திடுச்சும்மா..."

"ஒதடா?"

"அண்ணி, அண்ணன் மேல தப்பில்ல. ரசிகருங்க கேட்டதால—"

"நீங்க சும்மா இருங்கண்ணே. அந்தக் கொரல்ல அழுதவரே நீங்கதான்." கணவர் பக்கம் திரும்பினாள். "ஊருக்கு என்ன வேணா எழுதுங்க. அது உங்க வேல. நான் அன்னிக்கே கேட்டேன்ல? நிஜமாவே சொன்னானான்னு? அப்பவே இல்லேன்னிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். அவளுக்குப் பேருகூட வச்சிருப்பேன். ரெண்டு பேருமா சேந்தே வளத்திருக்கலாம்."

இத்தனை பேர் வாயில் வசனம் வைத்தவருக்குத் தன் வாயில் வைக்க ஒரு சொல் கிடைக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கேட்டார். "மேடம், போலாமா?"

அவள் கடைசி வரியைப் படித்தாள். "கடைசில இவளையும் கொல்லப் போறீங்களா?"

"படத்துல வேற பொண்ணே இல்ல."

அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். அவர் எழுதியதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். மேலே எதுவும் எழுதவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"ஓட்டச் சொல்லுங்க."

7

இதற்கு மேல் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அடித்த வரியையே அவள் சொல்கிறாள், சொல்லும்போதே உடைந்து அழுகிறாள், கணவரை மன்னித்துவிடுகிறாள். விநியோகஸ்தருக்குப் பிடிக்கும். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றில் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு— இல்லை. அவள் பாதியில் எழுந்து போகிறவள் இல்லை. எழுதும்போதே தெரிந்தது.

மூன்றாவதில், தமிழ்நாட்டு வசூலைக் கேள்விப்பட்ட அசல் படக்காரர்கள், தங்கச்சியை வைத்தே ஏழாம் பாகம் எடுப்பதாக அறிவிக்கிறார்கள். என் பத்திரிகை ஆசிரியர் துள்ளிக் குதிப்பார். ஆனால் தங்கச்சி கிடைத்துவிடுவாள். இந்த அறையில் நடந்தது அப்படியேதான் இருக்கும். பனியைத் திரும்பக் கொண்டுவந்து முடித்தால் அழகாக இருக்கும் என்றும் தோன்றியது. அந்த வித்தையை எனக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் முகமூடிக்காரி கீழே கிடக்கிறாள். உதடு தெரியாது, எதைச் சொன்னாலும் பொருந்தும். அவள் சொல்லப்போவது முன்வரிசையில் ஒன்பது வருடமாகக் காத்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். எட்டிப்பிடிக்கும் தூரத்தில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாரே, அவருக்கும் கேட்க வேண்டும். இரண்டு பேரும் அதோடு வீட்டுக்குப் போக முடிய வேண்டும். எனக்கு அந்த வசனம் வரவில்லை. இத்தனை பாகம் பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்கு வரும்.

ஏழு விநாடி. அதற்கு மேல் போகக் கூடாது. சீக்கிரம் சொல்லுங்கள், அவள் மூச்சை இழுத்துவிட்டாள்.