தினம் ஒரு மாத்திரை

மருந்துக்கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் அரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். இருபத்தாறு வருஷம் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றதில் அவருக்கே அது உண்மை போல ஆகிவிட்டிருந்தது. மூட்டு வலி என்று வந்தவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மாத்திரை அட்டை அவர் கையில் இருக்கும்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் அக்காவோடு இருந்தார். அக்கா வளர்த்த நாய்க்குப் பெயர் வாயாடி. ஆறு கிலோகூட இல்லாத உடம்பு. மாடிப்படியில் யார் கால் வைத்தாலும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி குரைக்கும். அது சினையாக இருந்தபோதுதான் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பில் சத்தே இல்லை, பல வருஷமாகக் கால்சியம் போதவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அந்தச் சொல் அவருக்குள் முள்ளாகத் தைத்தது. கடை நிறையக் கால்சியத்தை அடுக்கி வைத்திருக்கிறவன், கூடப் பிறந்தவளைக் கவனிக்கவில்லையே என்று குமைந்தார். சினையாக இருக்கும் வாயாடிக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று, அன்றிலிருந்து அதற்குத் தினம் ஒரு கால்சியம் மாத்திரை. பொடித்துச் சோற்றில் பிசைந்து வைப்பார். குட்டி போடும்வரை ஐந்து வாரம், ஒரு நாள் தவறவில்லை. ஐந்து குட்டிகளும் நல்லபடியாகப் பிறந்தன. இனி தேவையில்லை என்று அன்றோடு மாத்திரையை நிறுத்தினார்.

மூன்றாவது வாரம், ஒரு மதியம், கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட மாடி ஏறினார். குரைப்புச் சத்தம் இல்லை. கதவைத் திறந்தால், வாயாடி அறையின் நடுவே கட்டைக்கால் வைத்தது போல விறைத்து விறைத்து நடந்துகொண்டிருந்தது. நாக்கு தொங்கி, எச்சில் தரையெல்லாம் சொட்டியிருந்தது. அட்டைப்பெட்டிக்குள் குட்டிகள் பசியில் கத்தின. வாயாடியைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது.

வெயில்தான் என்று நினைத்து மின்விசிறியைப் போட்டார். தண்ணீர் வைத்தார். அது குனியும்போதே பக்கவாட்டில் சாய்ந்தது. நான்கு கால்களும் நீட்டிக்கொண்டு வெடவெடவென்று உதற ஆரம்பித்தன. அவருக்குத் தெரிந்த ஒரே வழி மாத்திரைதான். ஒன்றைக் கரைத்து வாயில் ஊற்றினார். உள்ளே போகவில்லை; புரையேறிக் கடைவாயில் நுரையாக வழிந்தது.

ஈரத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். முதலில் நின்ற டாக்சிக்காரர் நுரையைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றினார்.

"வெறி பிடிச்ச நாயை ஏத்த முடியாது சார்."

"வெறி இல்லப்பா, குட்டி போட்ட நாய். குட்டியெல்லாம் வீட்ல இருக்கு."

வண்டி போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. செருப்பு ஒன்று எங்கோ கழன்று விழுந்தது, அவர் நிற்கவில்லை. முக்கு திரும்பும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா. தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு, வாயாடியைத்தான், "என் பொண்ணு சாப்பிட்டாளா?" என்று கேட்பாள். அடித்து அடித்து ஓயும்வரை அவர் எடுக்கவில்லை.

சிலிண்டர் ஏற்றி வந்த வண்டி பக்கத்தில் நின்றது. ஓட்டுகிறவர் அம்மாவுக்கு மாதாமாதம் அவர் கடையில்தான் மருந்து வாங்குவார். "ஏறுங்கண்ணே" என்றார், வேறெதுவும் கேட்காமல்.

கால்நடை மருத்துவமனை மேஜைமேல் கிடத்தியபோது வாயாடிக்குக் கண் நிலைகுத்தியிருந்தது. டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். ஒரு கையால் தாடையைத் திறந்துகொண்டே கேட்டார்.

"குட்டி போட்டு எத்தனை நாள்?"

"பத்தொன்பது நாள்."

"சினையா இருக்கும்போது ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"கால்சியம் மட்டும்தாம்மா. தினமும், குட்டி போடுற வரைக்கும். அதனால கால்சியக் குறை வர வாய்ப்பே இல்ல."

டாக்டரம்மா ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முன்காலில் ரோமத்தை மழித்து ஊசியைக் குத்தினார். "காலை அசையாம பிடிங்க. இப்ப ஏத்தப்போறதும் கால்சியம்தான்."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தார். உதறல் அடங்கவில்லை. கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"கொஞ்சம் வேகமா ஏத்துங்கம்மா. செத்துடும்மா."

"வேகமா ஏத்தினாத்தான் சாகும். இதயம் நின்னுடும். பேசாதீங்க, கேக்கல."

சட்டென்று டாக்டரம்மா மருந்தை நிறுத்தினார். துடிப்பு இறங்குகிறதாம். கடைக்காரர் குனிந்து அந்தச் சூடான காதருகே வாயை வைத்து, "குரைடி, ஒரே ஒரு தடவை குரைடி" என்று முணுமுணுத்தார். அக்காவிடம் என்ன சொல்வது என்பதற்கான வார்த்தைகளை அவர் மனம் அப்போதே தேடத் தொடங்கியிருந்தது. அதை உணர்ந்தபோது தன்மீதே அருவருப்பாக இருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி சொட்டு இறங்கியது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். பின்கால் ஒன்று முதலில் மடங்கியது. பிறகு மற்றது. வாயாடி பெருமூச்சு விட்டு, மேஜைமேலேயே மூத்திரம் போனது.

"பிழைச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா. கையைக் கழுவிக்கொண்டே, அதட்டாமல் சொன்னார். "எலும்புல இருக்கிற கால்சியத்தை வேணும்கிறப்ப எடுத்துக்க உடம்புக்குத் தெரியும். சினைக் காலத்துல நீங்க தினமும் ஊட்டிவிட்டீங்க, அது அந்த வேலையையே மறந்துடுச்சு. பால் குடுக்கிறப்ப திடீர்னு நிறையத் தேவைப்பட்டுது. எடுக்கத் தெரியல. நீங்களும் அப்பப் பார்த்து நிறுத்திட்டீங்க."

"தேவையில்லாதப்ப குடுத்தேன். தேவைப்பட்டப்ப நிறுத்திட்டேன்."

"சத்தான நாய்த் தீனி ஒழுங்கா தின்னா சினை நாய்க்குத் தனியா எதுவும் வேண்டாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். தெருவே அவரிடம்தானே கேட்கும். அவர் யாரிடம் கேட்பார்.

குட்டிகளைத் தாயிடம் விடக்கூடாது என்றார்கள். மூன்று மணிக்கொரு முறை புட்டியில் பால் கொடுத்தார். நான்கு குட்டிகள் சப்பின. கடைசியாகப் பிறந்தது மட்டும் ரப்பரைத் துப்பிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் மாலை அவர் உள்ளங்கையிலேயே அது குளிர்ந்துபோனது. கடையை அன்று திறக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், அக்காவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "அந்தக் குட்டி என்ன நிறம்?" என்று கேட்டாள்.

"வெள்ளை. காது மட்டும் கறுப்பு."

"நான் பார்க்கவே இல்லையே தம்பி."

சாப்பாட்டு வண்டி வந்து, தட்டை வைத்துவிட்டுப் போனது. அக்கா தொடவில்லை. அவர் கிளம்ப எழுந்தபோது மட்டும், "அவளுக்கு இப்ப என்ன குடுக்கிறே?" என்றாள்.

"டாக்டரம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. பால் வத்துற வரைக்கும் கால்சியம் குடுக்கணுமாம்."

"குடு. கேட்டுக் குடு."

அன்று சாயங்காலம் சீட்டை எடுத்து நான்கு முறை படித்தார். பாதி மாத்திரை, இரண்டு வேளை. பாதியாக உடைக்கக் கத்தியை வைத்தபோது மாத்திரை நழுவித் தரையில் உருண்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சந்தேகமே இல்லாத விஷயத்தைக் கேட்க டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.