புரட்டாசியில் கொடுத்த முட்டை

பேராசிரியர் ஹெலன் கணினித் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று, தினமும் முட்டை கொடுக்கப்பட்ட பரமத்தி வேலூர்க் குழந்தைகளின் குடல் பாக்டீரியா. மற்றது, முட்டை கொடுக்கப்படாத குழந்தைகளுடையது. முதல் மாதம் முழுக்க இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பிறகுதான் மெல்லப் பிரிந்தன. தீபாவளிக்குப் பின் தொடங்கிய பள்ளிபாளையத்துக் குழந்தைகளிடம் முதல் மாதமே பிரிந்திருந்தன.

“உங்கள் களப்பணியாளர் அந்த மாதம் வீடுகளுக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன்,” என்றார் ஹெலன், வெளிநாட்டிலிருந்து, மிகவும் நிதானமாக. “அப்படி எழுதிவிட்டு அந்த மாதத்தை நீக்கிவிடலாம்.”

வேலூர்ப் பக்கம் போகிறவள் அபிநயா. இங்கே கல்லூரியில் ஆய்வை நடத்துபவள் பிரவீனா. அன்று மாலையே அபிநயா கொடுத்திருந்த பெட்ரோல் ரசீதுகளை எடுத்துப் பார்த்தாள். தேதிகள் சரியாக இருந்தன. இருந்தும் மனம் அடங்கவில்லை. அந்த ஆராய்ச்சியில் எல்லோருக்கும் ஒரு பங்கு இருந்தது. பணமும் முட்டையும் நாமக்கல் பண்ணைக்காரர்கள் சிலர் நடத்திய அறக்கட்டளையுடையவை. பாக்டீரியாவைப் படிக்கும் இயந்திரம் ஹெலனின் பல்கலைக்கழகத்தில் இருந்தது. பிரவீனாவின் கல்லூரிக்கு இருந்ததெல்லாம் குழந்தைகளின் மலக்குப்பிகளும், அவற்றைச் சேகரித்து வரும் அபிநயாவும்தான். இரண்டாம் ஆண்டுக்கான பணத்தை அறக்கட்டளை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும்.

மறுநாள் அபிநயாவிடம் சொல்லாமல் வேலூருக்குப் பஸ் ஏறினாள்.

முட்டை வாங்கிய குழந்தைகளில் ஒருவனான கௌசிக்கின் அம்மா தனப்பிரியா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“அபிநயா அந்த முதல் மாசம் ஒழுங்கா வந்தாளா?”

“வராம என்னுங்க? வாராவாரம் வந்துருமே. அது வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், இவன் வாசலுக்கு ஓடிருவானுங்க.”

“முட்டை குடுத்தீங்களா?”

தனப்பிரியா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தாள். “பொரட்டாசில எப்படீங்க மேடம்? சட்டி பானையெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு. ஊட்டுக்குள்ள முட்டையே ஏத்தறதில்லீங்க.”

“குடுத்தோம்னு அவகிட்டச் சொல்லியிருக்கீங்க.”

“அது பாவம், அந்த வெயில்ல வாருது. மொகத்துக்கு நேரா வேண்டாம்னு எப்படிச் சொல்றதுங்க? கொழந்தைக்கு என்ன வெரதம், குடுத்தமுங்கன்னு சொல்லி வாங்கி வெச்சுக்குவோம். அது அந்தப் பக்கம் போனதும் கொடிக்கால்ல வெத்தலை கிள்ள வாரவங்க புள்ளைங்களுக்குக் குடுத்துருவோம். இந்தத் தெருவே அப்படித்தானுங்க.” பிறகு ஆச்சரியத்தோடு கேட்டாள்: “உங்க ஊட்ல பொரட்டாசி இல்லீங்களா?”

இருந்தது. திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய நாள் முட்டை ஊற்றும் தோசைக்கல்லைத் தேய்த்துப் பரணில் ஏற்றியது அவள் கைதான். அதே வாரம் தயிர்ச்சோற்று டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, முட்டை கொடுக்கும் கால அட்டவணையில் கையெழுத்துப் போட்டதும் அதே கைதான். வீட்டில் இருக்கும் பிரவீனாவும் கல்லூரியில் இருக்கும் பிரவீனாவும் ஒருவரிடமிருந்து ஒருவர் எதையும் மறைக்கவில்லை. சந்தித்துக்கொண்டதே இல்லை, அவ்வளவுதான். அது அவளுக்கு மறைப்பதைவிட மோசமாகப் பட்டது.

அறக்கட்டளைத் தலைவர் தங்கசாமி பண்ணை அலுவலகத்தில் இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு டீ சொன்னார்.

“நீங்கதானுங்க ஐயா சொன்னீங்க, பொரட்டாசில ஆரம்பிங்க, முட்டை தேங்கிக் கெடக்குன்னு.”

“ஆமாங்க. அந்த மாசம் வெலை எறங்கிப்போகும். சும்மா கெடக்கறது கொழந்தைங்களுக்காவது போகட்டும்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நானும் அந்த மாசம் தொடறதில்லீங்க.”

இருவரும் டீயைக் குடித்தார்கள்.

“அந்த வெளிநாட்டம்மா சொல்ற மாதிரியே எழுதிருங்களேன்,” என்றார் தங்கசாமி. “அபிநயாப் புள்ளைக்கு வேற எடத்துல வேலை நான் பாத்துத் தாரேன்.”

“அவ பொய் சொல்லலைங்க.”

“நான் சொன்னனா? எழுதறதுக்கு ஒரு காரணம் வேணுமில்லீங்க. முட்டை யாவாரிக்கே பொரட்டாசி தெரியலையான்னு எங்காளுங்க சிரிப்பாங்க. அப்பறம் அடுத்த வருசத்துக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பணம் கேக்கறது?”

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

பிரவீனா கல்லூரிக்குத் திரும்பி ஹெலனுக்கு எழுதினாள். அபிநயா வாரம் தவறாமல் போனாள். கால அட்டவணையை முடிவு செய்தது நானும் அறக்கட்டளையும். அந்த மாதம் இங்கே யார் வீட்டிலும் முட்டை சமைக்க மாட்டார்கள், என் வீட்டிலும். தங்கசாமிக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். ஹெலன் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். தங்கசாமியிடமிருந்து ஒரு வரி வந்தது: இரண்டாம் ஆண்டைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம்.

அபிநயா ஆய்வுக்கூடத்தில் ஐஸ் பெட்டியில் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரவீனா எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த வருடம் வேலை இருக்காது என்பதையும், பழி அவள்மேல் விழவிருந்ததையும்.

“போகட்டுங்கக்கா. அந்தத் தெருவுல எல்லாரும் சேந்து என்னைய ஏமாத்திருக்காங்க பாருங்க,” என்று சிரித்தாள் அபிநயா. பிறகு அவள் கை நின்றது. “வேலூருக்கு எப்பப் போனீங்கக்கா? எங்கிட்டக் கேக்கவே இல்லையே. நீங்களும் அப்படி நெனச்சீங்களா?”

இல்லை என்று சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

“நெனச்சேன்,” என்றாள் பிரவீனா. “உன் பெட்ரோல் ரசீதெல்லாம் எடுத்துப் பாத்தேன்.”

அபிநயா பெட்டியை மூடினாள். பட்டையை இழுத்துக் கட்டி, தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வேலூர் போய்ட்டு வாரேனுங்க, மேடம்,” என்றாள்.