ஐஸும் களிம்பும்

புதுச்சேரி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில், டாக்டர் ரேகா திரவ நைட்ரஜன் குடுவையின் மூக்கைப் பக்கிரியின் நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தியதும் வெண்புகை சீறிக்கொண்டு வந்தது. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். சொரசொரப்பாக இருந்த இடம் உறைந்து, சுண்ணாம்பு வைத்ததுபோல வெளுத்தது. தீயில் சுட்டாலும் இப்படித்தான் இருக்கும் என்று முன்பே அக்காவிடம் சொல்லியிருக்கிறான். ஆனாலும் வெளியே வந்ததும், "மண்டைக்குள்ள குல்பி ஐஸ் விக்கிறாங்கக்கா," என்று சிரித்தான். அக்கா தனகோடிக்குச் சிரிப்பு வரவில்லை. எதையும் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்க்கும் அவள் கண்களுக்கே, போன முறை ஆறிய தழும்பின் ஓரத்தில் புதுச் செதில் கிளம்பியிருந்தது தெரிந்துவிட்டது.

அக்கா, தம்பி இருவருமே வெள்ளையாகப் பிறந்தவர்கள். தலைமுடி, புருவம், இமை எல்லாம் சோளக்கதிர் நார் நிறம். வெளிச்சத்தில் கண் கூசி எப்போதும் சுருங்கியே இருக்கும். மரக்காணத்தில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெள்ளச்சி, வெள்ளையன், அவ்வளவுதான். இருவருக்குமே வரன் அமையவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபின் ஒருவருக்கொருவர் சோறாக்கிப் போட்டுக்கொண்டு நாற்பதைத் தொட்டுவிட்டார்கள். பிழைப்பு உப்பளத்தில். அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வெயில் மேலிருந்து அடிப்பது போதாதென்று பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் முகவாயில் அடிக்கும். முப்பது வயதுக்குமேல் இருவர் முகத்திலும் அந்தச் செதில்கள் வர ஆரம்பித்தன. உப்பு காய்ந்து ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் தேய்த்துக் கழுவினார்கள். போகவில்லை. பிய்த்தால் ரத்தம் வந்தது, பிறகு அதே இடத்தில் மறுபடி வந்தது.

இது புற்று இல்லை, விட்டுவிட்டால் புற்றாகலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஐஸ் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பொருக்கு உதிர்ந்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் அது சுடும். தெரியாமல் தோலுக்குள் இருப்பதையும் சேர்த்துத் தேடிப் பிடிப்பது களிம்பு. அதைப் போட்டால் மூன்று நான்கு வாரம் முகம் முழுக்க ரணமாகும், அப்போது வெயிலில் தலை காட்டவே கூடாது. மருந்து தடவி விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைக்கும் சிகிச்சையும் உண்டு, அது சென்னைக்குப் போனால்தான். கடைசியில், "எதப் பண்ணாலும் சரி, வெயில்ல நின்னா திரும்ப வந்துடும்மா," என்றார்.

அந்தச் சமயத்தில்தான் உப்பை மூட்டை பிடிக்கும் கொட்டகையில் ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்கிரி முதலாளி காசிலிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, பொம்பளை ஆள்தான் கேட்கிறார், நீ போ என்றான். தனகோடி நிழலுக்குப் போனாள். அவன் வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தான்.

தனகோடி களிம்பைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டாவது வாரத்திலேயே முகம் வெந்துபோனது. நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் சிவந்து, வெடித்து, நீர் வடிந்தது. அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வேப்பிலை சொருகிவிட்டுப் போனாள். தலையணையில் முகத்தை வைக்க முடியாமல் அவள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவள் முகம் பார்க்காமல் இருக்கப் பக்கிரிதான் சுவர்க் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வைத்தான். கஞ்சி ஆற்றிக் கொடுத்தான். ஈ அண்டாமல் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எல்லாம் ஆறியபோது அடியிலிருந்து பிஞ்சுத் தோல் வந்தது. தொட்டால் வழுவழுவென்று இருந்தது. "கொழந்த மூஞ்சி மாதிரி ஆயிடுச்சுக்கா," என்று அவன் அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தான்.

நீயும் போடு என்று அவள் நச்சரிக்க ஆரம்பித்தாள். மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும்போது போடுகிறேன் என்றான். சொன்னபடியே போடவும் செய்தான். ஆனால் புயல் வந்து வரப்புகளை உடைத்துக்கொண்டு போனது. மழை விட்டதும் வரப்பு கட்ட ஆட்களைக் கூப்பிட்டார்கள். ரணமான முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மண் சுமந்தான். உப்பு நீர் தெறித்த இடமெல்லாம் எரிந்ததைத் தாங்க முடியாமல் களிம்பைப் பாதியில் விட்டான். ஐஸ்தான் நமக்குச் சரிப்படும் என்றான். ஐஸ் வைத்துக்கொள்வதும், செதில் திரும்ப வருவதுமாக இரண்டு வருஷம் ஓடியது. மூன்றாவது வருஷம் வலது காது மடலில் வந்தது ஆறவில்லை. தடித்துக் கட்டியானது. டாக்டர் ரேகா அதைப் பார்த்ததும் குடுவையைக் கையில் எடுக்கவே இல்லை.

சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று. காது மடலை எடுத்தார்கள்.

கட்டோடு அவன் படுத்திருந்தபோது தனகோடி காசிலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். என் வேலையை விட்டுவிடுகிறேன், தம்பியைக் கொட்டகைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டாள். அவர் அவளைத் திண்ணையில் உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கே அவனத்தாம்மா கூப்ட்டேன். அக்காவுக்குக் குடுங்க, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டான்."

வழியெல்லாம் அவள் எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். அதைப்பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அவன் சிரிப்பான், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது என்று இருந்தது.

தை பிறந்தபோது கழுத்தில் நெறி கட்டியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அவளை மட்டும் தனியே அழைத்து, நெஞ்சு வரைக்கும் போய்விட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றார். திரும்பும் பஸ்ஸில் பக்கிரி என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. சன்னலோர இருக்கையை அவளுக்கு விடாமல் தானே உட்கார்ந்துகொண்டான், அந்தப் பக்கம்தான் வெயில் அடித்தது.

மரக்காணத்தில் இறங்கியதும், வீட்டுக்கு வேண்டாம், அளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றான். புது சீசனுக்காகப் பாத்திகளில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வரப்பில் அவனைப் பிடித்து உட்கார வைத்தாள். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் சூடு தணியவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டான்.

"எக்கா, நானும் அப்பவே முழுசா களிம்பு போட்டிருந்தா சரியாயிருக்குமா?"

அவள் அவன் மடியிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். பிறகு, "போட்டிருந்தாலும் நீ வெயில்லதானடா நின்ன," என்றாள்.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைத் தேடினான். "மொதலாளி சொல்லிட்டாரா?"

தனகோடி எழுந்து அவனுக்கு மேற்குப் பக்கமாகப் போய் நின்றாள். நீ எதுக்கு வெயிலில் நிற்கிறாய், வந்து உட்கார் என்று அவன் சொன்னான். அவள் நகரவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நிழல் அவன் தலைமேல் விழுந்து, அவனைத் தாண்டி, பாத்தித் தண்ணீரின்மேல் நீண்டுகொண்டே போனது.