இரண்டு டப்பா, இரண்டு பல்லி

எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் இல்லாமல் போனதால் வார்டு அலுவலகம் எங்களுக்கு இரண்டு பல்லிகளை ஒதுக்கியது.

முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் என் மாமியார் ஆவுடையம்மாள். மூன்றாவது ஆளாக இருந்தவள் என் மனைவி செண்பகவல்லி. போன மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் அவள் இறந்துவிட்டாள்.

அத்தை என்னோடு நேராகப் பேச மாட்டார். கோபதாபம் ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாமியார் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் குடும்பத்துப் பழக்கம். பதினோரு வருடம் செண்பகத்தின் வழியாகத்தான் பேசினோம். "ஏட்டி, அவியள சாப்பிட வரச் சொல்லு" என்பார் அத்தை. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். செண்பகம் என் பக்கம் திரும்பி, சாப்பிட வரவேண்டுமாம் என்பாள். வருகிறேன் என்று சொல்லச் சொல்வேன். அவள் அந்தப் பக்கம் திரும்புவாள். என் காதில் விழுந்திருந்தாலும் அவள் சொல்லும்வரை எனக்கு அது தெரியாது. அவளுக்குக் கழுத்துவலி வந்தது இதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவள் போன பிறகு இருபத்தாறு நாள் வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. ஹால் நீள ஆரம்பித்தது.

அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு முன்பு பதினோரு எட்டு. இப்போது அறுபத்து நான்கு. அத்தை ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க எடுத்துக்கொண்டு கிளம்புவார். மேசைக்கு வந்து சேரும்போது அது ஆறிப்போயிருக்கும். வைத்துவிட்டுத் திரும்பி நடப்பார். அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வார்டு அலுவலகத்துக்குப் போனேன்.

இதற்கென்று அங்கே படிவம் இருந்தது. குமாஸ்தா மேசை இழுப்பறைக்குள் உட்கார்ந்திருந்தார். என் பெயர், வயது, நான் இருப்பதற்கான சான்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அத்தை எனக்கு என்ன உறவு என்று கேட்டார். மாமியார் என்றேன்.

"அது மனைவி இருந்தப்போ. இப்போ?"

நான் படிவத்தின் உறவுக் கட்டத்தைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தைப் பிறகு நிரப்பலாம் என்றார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவார். அன்றைக்கும் கட்டம் காலியாக இருந்தாலோ, இடையாட்களாக ஒதுக்கும் பல்லிகளின் இருப்பிடம் சரியில்லை என்றாலோ, இருவரில் ஒருவர் வெளியேற வேண்டும். வீடு யார் பெயரில் இல்லையோ அவர். இவ்வளவும் சொல்லிவிட்டு இழுப்பறையை உள்ளிருந்தே இழுத்து மூடிக்கொண்டார்.

வீடு என் பெயரில் இருந்தது. அத்தைக்குப் போக வேறு இடம் என்றால் தூத்துக்குடியில் தம்பி மகன் வீடு. அங்கே வாஷிங் மெஷின் வைத்திருக்கும் அறையில் ஒரு பாய் விரிக்கலாம்.

பல்லிகள் முட்டை அட்டையில் வந்தன. சுவரில் ஓடும் சாம்பல் பல்லிகள் இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், தடித்த வால், கண்ணை மூடித் திறக்கும் இமை. இரண்டும் சிரித்த முகமாக இருந்தன. ஒன்றின் மேல் 'போகும் வார்த்தை' என்றும் மற்றதன் மேல் 'வரும் வார்த்தை' என்றும் சீட்டு ஒட்டியிருந்தது. அத்தை சொல்வதை எனக்குச் சொல்ல ஒன்று. நான் சொல்வதை அத்தைக்குச் சொல்ல ஒன்று. ஒரே டப்பாவில் விட்டால் வார்த்தைகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் என்று கூடவே வந்த குறிப்பில் எழுதியிருந்தது.

பிளாஸ்டிக் கடையில் மூடியில் கொக்கி வைத்த பெரிய டப்பா இரண்டு வாங்கினேன். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. கடைக்காரர் அரிசிக்கா துணிக்கா என்று கேட்டார். பேச்சுக்கு என்றேன். அப்படியானால் ஆழம் குறைவானது எடுங்கள் என்று மாற்றிக் கொடுத்தார்.

காற்றுக்கு ஓட்டை போட வேண்டும். பக்கத்துக்கு எட்டாக, டப்பாவுக்குப் பதினாறு. நான் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். டப்பா விரிசல் விட்டது. அத்தை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோணி ஊசியை எடுத்து காஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சினார். கிடுக்கியில் பிடித்தபடி அறுபத்து நான்கு எட்டு நடந்து வந்து, எனக்கும் அவருக்கும் நடுவே தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். நான் எடுத்து ஒரு ஓட்டை போட்டேன். ஊசி ஆறிவிட்டது. தரையில் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டு நடந்தார். இப்படி முப்பத்திரண்டு தடவை. அன்று சாயங்காலம் எனக்கு ஏதோ நிறையப் பேசி முடித்த களைப்பு இருந்தது.

செண்பகத்தின் தையல் மெஷின் மேல் டப்பாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு ஓரத்தின் அடியில் சூடு தரும் விரிப்பு. மறு ஓரம் குளிர்ச்சி. பல்லி தனக்குத் தேவையான பக்கம் போய்க்கொள்ளும். மணல் கூடாது, வயிற்றுக்குள் போய்விடும். அதனால் அடுப்படியில் துடைக்கும் காகிதத்தை விரித்தேன். ஒளிந்துகொள்ளச் சூட்டுப் பக்கம் ஒரு தேங்காய்ச் சிரட்டை, குளிர்ந்த பக்கம் ஒரு சிரட்டை. நடுவில் மூன்றாவது சிரட்டைக்குள் ஈரத்துணி. தோல் உரிக்கும் காலத்தில் அந்த ஈரம் இல்லாவிட்டால் பழைய தோல் விரலில் இறுகி, விரலே போய்விடும். தண்ணீருக்கு என்ன வைப்பது என்று யோசித்தபோது அத்தை செண்பகத்தின் குங்குமச் சிமிழின் மூடியையும் சாந்துச் சிமிழின் மூடியையும் கொண்டுவந்து தரையில் வைத்தார்.

சாப்பாடு புழு. எங்களுடையது சைவ வீடு. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, புழுக்களின் மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் திருநீறு போடுவது போலத் தூவினார். தூவிய பிறகு இனி அவை அசைவம் இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அடுத்த வேளையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

சனிக்கிழமை அத்தை முதல் டப்பா அருகே நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு, "ஏட்டி" என்றார். செண்பகத்தைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். 

"ஏட்டி, அவியள காபி குடிக்கச் சொல்லு."

பல்லி என் பக்கம் திரும்பி, ச்ச் ச்ச் என்று சொன்னது. காபி குடிக்க வேண்டுமாம். குடிக்கிறேன் என்று என் பல்லியிடம் சொன்னேன். அது சொன்னது. காபி கொஞ்சம் வெதுவெதுப்பாக வந்தது. ஹால் ஐம்பது எட்டாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை நிறையப் பேசினார். ஏட்டி என்றே பெயராகிவிட்ட அந்தப் பல்லிக்கு மூச்சு வாங்கியது. செண்பகம் சின்ன வயதில் உப்பைத் திருடித் தின்பாளாம். முதன்முதலில் பெண் பார்க்க வந்த அன்று எனக்கு வேட்டி சரியாகக் கட்டத் தெரியவில்லையாம். உள்ளே நின்று எல்லோரும் சிரித்தார்களாம். பதினோரு வருடம் கழித்து எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று ஹால் இருபது எட்டுக்கு வந்தது.

திங்கட்கிழமை அத்தை தவறு செய்தார். அந்தத் தவறை எங்கள் ஊர்க்காரர் எவரும் செய்திருப்பார்.

அன்று அவர் ஏட்டியிடம் மெதுவாகச் சொன்னார். "வெள்ளிக்கிழமை நான் தூத்துக்குடிக்குப் போயிருதேன்னு சொல்லு. அந்தக் கட்டத்துல எழுத அவியளுக்கு ஒண்ணும் இல்ல."

பல்லி சொன்னது. பல்லி சொன்னால் அந்த வார்த்தை பலிக்கும். பல்லி சொன்னால் விரல் முட்டியால் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்பது வழக்கம். அத்தையின் கை அவரைக் கேட்காமலே தையல் மெஷினை மூன்று தடவை தட்டியது. ஏட்டி வெலவெலத்து வாலைப் போட்டுவிட்டது.

வால் காகிதத்தில் துடித்தது. ஏட்டி சிரட்டைக்குள் போய் ஒளிந்தது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். செண்பகத்துக்குக்கூட நான் பார்க்க அவர் அப்படி அழவில்லை. வால் திரும்ப முளைக்கும், குண்டாக முளைக்கும், குறிப்பில் போட்டிருக்கிறது என்று என் பல்லியிடம் சொன்னேன். அது சொன்னது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வால் போன பிறகு ஏட்டி எல்லாவற்றையும் ஒரு நாள் தாமதமாகச் சொன்னது. செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் புதன்கிழமை போய் உட்கார்ந்தேன். புதன்கிழமை தலைவலிக்குத் தைலம் எங்கே என்று அத்தை கேட்டதற்கு வியாழக்கிழமை கொண்டுபோய் வைத்தேன். ஹால் மறுபடி நீண்டது.

வெள்ளிக்கிழமை காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அத்தை ஏட்டியிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். வெளியே வந்தேன். டப்பாவின் மூடியை மூடிக்கொண்டிருந்தார். காலடியில் ஒயர் கூடை இருந்தது. அதில் இரண்டு சேலை, திருநீற்றுச் சம்புடம், கோணி ஊசி. அவர் சொன்னது நாளைக்குத்தான் எனக்குத் தெரியும். நாளைக்கு அவர் தூத்துக்குடியில் இருப்பார்.

இன்ஸ்பெக்டர் அமலோற்பவம் பத்து மணிக்கு டேப்போடு வந்தார். முதலில் ஹாலை அளந்தார். டேப் போதவில்லை. ஓட்டைகளை எண்ணினார். சூட்டுப் பக்கம் கை வைத்துப் பார்த்துத் திருப்தி என்று எழுதினார். பிறகு ஏட்டியைப் பார்த்தார்.

"வால் எங்க?"

அத்தை மூடியில்லாத குங்குமச் சிமிழை நீட்டிக் காட்டினார். வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் தாமதமாகச் சொல்கிற இடையாள், இல்லாத இடையாள்தான் என்றார் இன்ஸ்பெக்டர். படிவத்தில் உறவுக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்து என்னைப் பார்த்தார்.  இத்தனை வருடம் அத்தை சமைத்ததைச் சாப்பிட்டவன் நான். கட்டம் காலியாகவே இருந்தது.

அத்தை கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஹால் நீண்டுகொண்டே இருந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார். கால் மணி நேரம் நடந்தும் தையல் மெஷின் வரைதான் வந்திருந்தார். கடைசியாக ஒரு தடவை குனிந்து டப்பாவுக்குள் பார்த்தார். ஏட்டியின் உடம்பு வெளுத்திருந்தது. தோல் உரிக்கப் போகிற வெளுப்பு. அத்தை விருட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"துணி காஞ்சு கெடக்கு. பிள்ள தோலுரிக்கப் போறா. இதக்கூட பாக்கலையா நீங்க?"

வாழ்நாளில் முதல் தடவை அவர் கண்கள் என்ன நிறம் என்று பார்த்தேன். செண்பகத்தின் கண்கள்தான்.

"எவ்வளவு நனைக்கணும்னு எனக்குத் தெரியாது, அத்த" என்றேன். "நீங்க இருந்தாத்தான் ஆவும்."

அத்தை கூடையை வைத்துவிட்டுத் துணியை நனைத்தார். பிழிந்து சிரட்டைக்குள் வைத்தார். ஏட்டி உள்ளே போனது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். நேராகப் பேசிக்கொள்கிறவர்களுக்கு இடையாள் தேவையில்லை என்றார். யாரும் வெளியேற வேண்டாம். பல்லிகளை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று முதல் டப்பாவின் கொக்கியைப் பிடித்தார்.  அத்தை டப்பாவின் மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்தார்.

"ஏட்டி, அவியகிட்டச் சொல்லு. நான் இப்ப ஒண்ணும் பேசலன்னு."

நான் என் டப்பாவிடம் குனிந்தேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். என் பல்லி உடனே சொன்னது. ச்ச் ச்ச். இன்ஸ்பெக்டரின் கை அவரைக் கேட்காமலே மெஷினைத் தட்ட இறங்கியது. தொடும் முன்னே அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தட்டாதீய. வால் போயிரும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி திறந்தார். பிறகு உறவுக் கட்டத்தில் தானே எழுதினார். 'பேச்சு நிலுவையில் உள்ளது.' நிலுவை தீரும்வரை இருவரில் எவரும் வீட்டை விட்டுப் போகச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, ஹாலில் நடக்க ஆரம்பித்தார். அவர் வாசலை அடைந்தபோது மதியமாகியிருந்தது.

சனிக்கிழமை மதியம் நான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். ஏட்டி புதுத் தோலோடு சிரட்டையிலிருந்து வெளியே வந்து என் பக்கம் திரும்பியது. நேற்றுக் காலை அத்தை சொன்னதைச் சொன்னது.

"ஏட்டி, அவிய என்னை இருக்கச் சொல்லுவாவளான்னு கேளு."

அத்தை அடுப்படி வாசலில் ரசக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். என்ன வந்து சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் டப்பாவின் மூடியைத் திறந்தேன். "இருக்கணும்னு சொல்லு" என்றேன். "எனக்கு வேற யாரு இருக்கான்னும் சொல்லு."

பல்லி சொன்னது. யாரும் தட்டவில்லை.

அத்தை நடந்து வந்தார். நான் எண்ணினேன். ஒன்பது எட்டு. கிண்ணத்தைச் சாய்த்து என் சோற்றில் ஊற்றினார். ரசம் நாக்கைச் சுட்டது.