பி விசையில் சந்தனம்

ஆயுத பூஜையன்று என் கொத்து வேலைக் கரண்டி, கலவை அள்ளும் பாண்டு, மட்டப்பலகை எல்லாவற்றையும் கழுவிச் சாமி முன்னால் அடுக்கினோம். பக்கத்தில் மகள் மோனிகாவின் லேப்டாப்பையும் கொண்டுவந்து வைத்தாள் என் மனைவி அம்சா. "மூடி மேல ஒரு பொட்டு போதும் நைனா," என்று சொல்லிவிட்டு மோனிகா திருத்தணி மலைக்குச் சாமி கும்பிடப் போனாள்.

எனக்கு அது போதவில்லை. நான் கஜபதி மேஸ்திரியிடம் கலவை போடுகிறவன். கரண்டியின் பிடியில் நாங்கள் பொட்டு வைப்பதில்லை, சாந்து அள்ளுகிற தகட்டில்தான் வைப்போம். லேப்டாப்பில் அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது அது. விரலால் தடவுகிற பட்டை வாங்கின மாதமே செத்துப்போய்விட்டதால், மோனிகா எல்லாவற்றையும் விசைகளாலேயே செய்வாள். புரோகிராம் எழுதினதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்துவாள். கீழே ஒரு கறுப்புக் கட்டம் திறந்து, எழுதினது சரியா தப்பா என்று சோதித்துச் சொல்லும்.

நான் எழுத்துக் கூட்டக் கற்றது முப்பத்தெட்டு வயதில். ஆனாலும் தினமும் அவள் அழுத்திப் பார்த்ததால் பி எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூன்று விசைக்கும் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து வைத்து, குங்குமம் இட்டு மூடினேன்.

பூஜையில் வைத்ததை விஜயதசமி முடியாமல் எடுக்கக் கூடாது. அதுவரை மோனிகா நோட்டிலேயே எழுதிப் பழகினாள். விஜயதசமிக்கு மறுநாள் காலை ஒன்பதரைக்குத்தான் திறந்தாள். பத்து மணிக்கு ஒரு சென்னைக் கம்பெனி வீடியோவில் தேர்வு வைக்கிறது. ஆறு மாதத்தில் அவளைக் கூப்பிட்ட ஒரே கம்பெனி.

"நைனா! இன்னா பண்ணி வச்சிருக்கே?"

"பூஜை பண்ணேன்மா. நீ தெனம் அமுக்குறதாச்சே."

"நல்ல வேளை, பாலாபிஷேகம் பண்ணாம வுட்டே," என்றாள் அம்சா.

காது குடைகிற பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பார்த்தோம். கண்ட்ரோலுக்கும் ஷிஃப்ட்டுக்கும் வலப்பக்கம் இன்னொரு ஜோடி இருந்தது. பி ஒன்றுதான். சந்தனம் அடியில் இறங்கிக் காய்ந்து, அது அசையவே இல்லை.

"வேற வழியா ஓட்ட முடியாதாம்மா?"

"முடியும். ஆனா நாப்பது நிமிஷத்துல முப்பது தடவை ஓட்டிப் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் மெனுவுல சுத்திகினு இருந்தா பாதிகூட முடிக்க மாட்டேன்."

மோனிகா பஞ்சுக் குச்சியைத் தூக்கி எறிந்தாள். பிறகு ஏதோ அழுத்தினாள். எந்த வேலைக்கு எந்த விசை என்று ஒரு நீளமான பட்டியல் வந்தது. அம்புக்குறி விசையால் இறங்கிப் போய் ஒரு வரியில் நின்றாள்.

"வேலை அதே வேலைதான் நைனா. கூப்பிடுற பட்டனை மாத்திடலாம். மேல் வரிசையில ஒரு நம்பர் சொல்லு. அஞ்சு மட்டும் வேணாம், அதுக்கு வேற வேலை இருக்கு."

"ஆறு," என்றேன். திருத்தணியில் இருந்துகொண்டு வேறென்ன சொல்வது?

எஃப் ஆறை அழுத்தினாள். அந்த வரியில் பழைய மூன்று விசையும் போய் அது ஒன்றே வந்து உட்கார்ந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். கறுப்புக் கட்டம் திறந்தது.

"பி எழுத்தே தேவைப்பட்டா?"

"பழைய புரோகிராம்லேர்ந்து ஒண்ணைக் காப்பி பண்ணி வச்சிக்கினு ஒட்டுவேன். நீ வெளிய போ."

வாசலில் நின்றேன். மேஸ்திரி போன் செய்தார். "வேடியப்பா, கலவையை உங்க மாமனாரா வந்து போடுவாரு?"

"மத்தியானம் வந்துடுறேன் மேஸ்திரி."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் மோனிகாவின் விரல் மேல் வரிசைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. பழக்கத்தில் இரண்டு தடவை பி பக்கம் போய்த் திரும்பியது. நடுவில் கம்பெனிக்காரர் ஏதோ கேட்டார். "எங்க நைனா சந்தனம் வச்சிட்டாரு சார்," என்றாள் இவள். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தே முக்காலுக்கு வெளியே வந்தாள்.

"செவ்வாக்கெழமை நேர்ல வரச் சொல்லிட்டாங்க. கடைசி ரவுண்டு. மெஷின் அங்கயே குடுப்பாங்களாம்."

"அப்ப உங்க நைனாவை இங்கயே கட்டிப் போட்டுட்டுப் போ," என்றாள் அம்சா.

மோனிகா வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். ஒரு விரல் மட்டும் மடியிலேயே எஃப் ஆறை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.