லூசியஸ் சாகாத படம்

கல்லறையிலிருந்து திரும்பிய கார்கள் சர்ச்சுக்குப் போகும் திருப்பத்தில் திரும்பவில்லை. முன்னால் போன வெர்லீன் நேரே தியேட்டருக்கு விட்டாள். துக்க ஊர்வல வழக்கப்படி பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு வந்த மொத்த வரிசையும் அவள் பின்னாலேயே போனது.

"அடியே, சர்ச்சுல கோழி பொரிச்சு வச்சிருக்காங்கடி," என்றாள் அம்மா ஒசெல்லா, தொப்பியின் கறுப்பு வலைக்குள்ளிருந்து.

"கோழி எங்கயும் ஓடிடாதும்மா. அப்பா படம் இன்னிக்குத்தான் ரிலீஸ்."

"நீங்க போங்க. நான் கார்லயே இருக்கேன்."

அப்பா லூசியஸ் ஹாலிவுட்டில் செத்துச் செத்துச் சம்பாதித்தவர். ரயில் போர்ட்டராகவோ சமையல்காரராகவோ வருவார். புலியோ குண்டோ சீக்கிரமே அவரை முடித்துவிடும். போன வாரம் நிஜமாகச் செத்தபோதுதான் தூக்கத்தில், சத்தமில்லாமல் போனார். அந்தக் காலத்தில் கறுப்பர் வரும் காட்சிகளை, கத்தரித்தாலும் கதை கெடாதபடிதான் எடுப்பார்கள். தெற்கு மாநிலத்து வெள்ளைக்காரர்கள் முகம் சுளிப்பார்களென்று, அங்கே போகும் பிரதிகளில் அவற்றை வெட்டிவிடுவார்கள். அது தெரியாமல், கல்யாணமான புதிதில் அம்மா தெற்கே மிசிசிப்பியில் சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிப்போய், கடைசிவரை புருஷன் வராத படத்தைப் பார்த்தாள். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு எந்தத் தியேட்டர் வாசலையும் அவள் மிதித்ததில்லை.

"இது முடி வளத்த ஹிப்பிப் பசங்க எடுத்த படம்மா. இதுல நான் சாகலன்னு அப்பாவே சொன்னாரே!"

"அவரு சொன்னாரு. கத்தரிக்கோல் கேக்கணுமே."

சித்தப்பா கார்டெல் கார் கதவைத் திறந்தார். "எறங்குங்க அண்ணி. அண்ணன் வரலன்னா ஆபரேட்டர் ரூமுக்குப் போய் நானே சண்டை போடறேன்."

அம்மா இறங்கினாள்.

பாதிப் படம் ஓடிவிட்டது. மோட்டார் சைக்கிள் வந்தது, கஞ்சாப் புகை வந்தது, அப்பா வரவில்லை. அடக்கம் செய்த அன்றைக்கே அம்மாவை இன்னொரு முறை அவமானப்படுத்திவிட்டோமே என்று வெர்லீன் அம்மாவின் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது சாலையோரச் சாப்பாட்டுக்கடையின் கதவு திறந்தது. லாரி டிரைவராக அப்பா! நேரே போய்க் கதாநாயகனுக்கு எதிரில் உட்கார்ந்தார். கேமரா அசையவில்லை.

"சித்தப்பா, ரெண்டு பேரும் ஒரே ஷாட்டு! அப்பாவ வெட்டணும்னா ஹீரோவையும் வெட்டணும்!" வெர்லீன் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அப்பா 'ஆப்பிள் பை' பலகாரத்தைத் தின்றுகொண்டே, ஒரு 'ஐயா'கூடப் போடாமல், அந்த வெள்ளைக்காரப் பையனுக்கு எதிர்ப்பேச்சுப் பேசினார்.

"சொல்லு லூசியஸ்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நல்லாச் சொல்லு!"

பிரசங்கத்துக்கு நடுவே சபையார் குரல் கொடுப்பதுபோல் ஆளாளுக்குக் குரல் கொடுக்க, தியேட்டரே சர்ச்சாகிவிட்டது. கடைசியில் நெடுஞ்சாலையில் சுடப்பட்டு விழுந்தவன் கதாநாயகன். அப்பாவின் லாரி மேடேறிப் போய்க்கொண்டே இருந்தது. சனம் எழுந்து நின்று கத்தியது. வெர்லீன் அழுதாள், அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

விளக்கு எரிந்தது. "வாங்க அண்ணி, கோழி ஆறிடும்," என்றார் சித்தப்பா.

அம்மா எழவில்லை. ஊசிகளை உருவித் தொப்பியைக் கழற்றி, பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

அடுத்த ஆட்டத்துக்கு உள்ளே வந்த ஒருவர் அந்த இருக்கையைக் காட்டிக் கேட்டார்.

"ஆள் இருக்கு," என்றாள் அம்மா.