நகக்குறி இட்ட வெள்ளிப்பிள்ளை

வெள்ளி நகை செய்யும் ஷைஜா எங்கே போனாலும் கைப்பையில் ஓர் உருண்டை தேன்மெழுகு இருக்கும். கண்ணைக் கவர்ந்த எதன்மீதும் அதை அழுத்திப் பார்ப்பது அவளுடைய மாறாத வழக்கம். பலாமரப் பட்டை, தேவாலயக் கதவில் செதுக்கிய திராட்சைக் கொத்து, இராஜாக்கமங்கலம் கரையில் ஒதுங்கிய சிப்பி, எல்லாம் அதில் முகம் பதித்துப் போயிருக்கின்றன. அந்தப் பதிவுகளே பிறகு வெள்ளியில் காதணியாகவும் பதக்கமாகவும் பிறக்கும். மெழுகு நல்ல மாணவனைப் போன்றது. காட்டியதை அப்படியே வாங்கிக்கொள்ளும். யாரிடம் அனுமதி கேட்டாய் என்று மட்டும் கேட்காது.

இம்முறை அது பதித்துக்கொண்டது, இசக்கியம்மன் கோவில் மரத்தடியில் பிள்ளைவரம் வேண்டி வைத்திருந்த மண்பிள்ளைப் பொம்மைகளுள் ஒன்றை. அதன் தாடையில் சின்னப் பிறைபோல் ஒரு கீறல். குயவரின் கவனக்குறைவு என்றெண்ணி வெள்ளியில் அதை அரத்தால் தேய்க்கப் போனவள், அழகாயிருக்கிறதே என்று விட்டுவிட்டாள். சென்னையில் நடக்கவிருந்த நகைக் கண்காட்சியின் அழைப்பிதழில் அச்சிட அந்தப் பதக்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள். எந்த நகையையும் தான் அணிந்து பார்த்த பின்பே அவள் பிறருக்குக் கொடுப்பாள். அதை அணிந்துகொண்டு கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போனாள்.

மரச்சீனிக் கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்த அன்னக்கிளியின் கை தராசோடு நின்றது.

“எக்கா, இந்தப் பிள்ள உங்களுக்கு எங்க கெடச்சு?”

“நான் செஞ்சதாக்கும் மக்கா. பிடிச்சிருக்கா?”

“தாடையில கெடக்கது எனக்க நகம்.”

சூளைக்குப் போகுமுன் ஈரமண்ணில் நேர்ந்துகொண்டவள் நகக்குறி இடுவாளாம். எது யாருடைய பிள்ளை என்று இசக்கியம்மை குழம்பக்கூடாதே. “நேந்து வச்ச பிள்ள கோவில விட்டு வெளிய வரப்பிடாதுக்கா. இப்ப வயித்துல கெடக்கது…” அன்னக்கிளியின் கை முந்தானைக்குள் வயிற்றின்மேல் போயிற்று.

பொம்மை அங்கேயேதான் இருக்கிறது என்று சொல்ல ஷைஜா வாயெடுத்தாள். ஆனால் விரல் தானாகப் பிறையைத் தடவியது. வெள்ளியிலும் அது நகமாகவே இருந்தது.

“உருக்கிப் போடட்டா?”

“பிள்ளையையா உருக்குவிய?”

பக்கத்தில் மீன் விற்ற சத்தியபாய்க்குப் பொறுக்கவில்லை. “எடுத்த எடத்துல கொண்டு விடணும். இதுக்குப்போயி ரெண்டுபேரும் இப்பிடி முழிக்கியளே!”

கண்காட்சிக்கு வேறு நகை தருவதாக ஷைஜா சொல்லிவிட்டாள். அவர்கள் வேறொருவர் செய்த நகையின் படத்தை அச்சிட்டார்கள். பதக்கத்தின் வளையத்தை அவள் அறுத்தெடுத்தாள். வெள்ளித் தகட்டைத் தட்டி ஒரு தொட்டில் செய்து, பிள்ளையை அதில் கிடத்தினாள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் கோவிலுக்குப் போனார்கள். மண்பிள்ளைக்கு நேர்மேலே தாழ்ந்த கிளையில் ஷைஜா தொட்டிலைக் கட்டினாள்.

“கேக்காம எடுத்தது தப்பு மக்கா.”

அன்னக்கிளி இரண்டு பிள்ளைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். “இனி இரட்டையாப் பொறந்தா, ஒண்ண நீங்கதான் வளக்கணும், கேட்டியளா?”

அவள் சிரித்த முகத்தைக் கண்டதும் ஷைஜாவின் கை பழக்கத்தால் மெழுகைத் தேடிப் பைக்குள் நுழைந்து, மெழுகை எடுக்காமலே வெளியே வந்தது. அன்னக்கிளி ஒரு விரலால் தொட்டிலை மெல்லத் தள்ளினாள். அதன் நிழல் மண்பிள்ளையின் முகத்தின்மேல் போய்ப்போய் வந்தது.